கடல்பாசிக்காரருக்கு லிங்க்ட்இன் குழு கிடைத்த வழி

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் எனக்குக் கடல்பாசி தரப்பரிசோதனை வேலை. துறை ஆட்களோடு பழக ஒரு குழு தேவைப்பட்டது. லிங்க்ட்இனில் 'ராமநாதபுரம்' என்று தேடினால் உருப்படியாக எதுவும் வரவில்லை. ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கம்தான். டெலிகிராமில் பதிவுக் கட்டணம் கேட்டார்கள், வெளியேறிவிட்டேன்.

பிறகு ஊரை விட்டுப் பொருளைப் பிடித்தேன். கப்பாஃபைகஸ் என்ற கடல்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன், அதாவது உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருள். அதை ஆங்கிலத்தில் அடித்து, குழுக்களை விட்டுவிட்டு, அந்த வேலையில் இருப்பவர்களின் பக்கங்களைத் திறந்தேன். அடியில் 'ஆர்வங்கள்' பகுதி இருக்கும். அதில் நிறுவனங்களைத் தாண்டித் தள்ளினால்தான் 'குழுக்கள்' வரும்; கைபேசியில் பாதி மறைந்தே கிடக்கிறது, யார் பார்ப்பார்கள்? பலருக்கும் பொதுவாக இருந்த குழுவில் சேரக் கேட்டேன். என் பக்கத்தில் பெயருக்குக் கீழுள்ள வரியில் 'கடல்பாசி' சேர்த்த பிறகே அனுமதித்தார்கள். அப்பாடா! மழைக்காலப் பாசியின் ஈரப்பதம் பற்றிக் கேட்டதற்குப் பதிலும் வந்துவிட்டது.