கத்திரித் தோட்டத்தில் வேர்முடிச்சு நூற்புழு: பயிரை மாற்றிப் பட்டினி போடும் முறை

காலையில் நிமிர்ந்து நிற்கும் கத்திரிச் செடி உச்சிவெயிலில் தொங்கிப்போய், பொழுது சாய்ந்ததும் மறுபடி எழுந்தால், தண்ணீர்க் குறை என்று வாய்க்காலைத் திறக்காதீர்கள். காரைக்குடி, கல்லல், தேவகோட்டைப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களில் செடிகள் இப்படித் திட்டுத்திட்டாகச் சோர்ந்தால் முதலில் வேரைப் பாருங்கள். வேருக்குள் புகுந்து முடிச்சு உண்டாக்கும் நுண்புழுவான வேர்முடிச்சு நூற்புழு, மணல் கலந்த இலகுவான மண்ணில் தாராளமாகப் பெருகும்.

ராஜஸ்தான், ஹரியானா கோதுமை வயல்களில் ‘மோல்யா’ என்று ஒரு நோய் உண்டு. அதுவும் வேரைத் தின்னும் நூற்புழுவால் வருவதுதான். ஆனால் அந்தப் புழு புல்லினப் பயிர்களில் மட்டுமே பிழைக்கும். கோதுமை, பார்லிக்குப் பதிலாகக் கடுகோ கொண்டைக்கடலையோ விதைத்தால் அதற்குத் தீனி கிடையாது. நம் தோட்டத்துப் புழு பல குடும்பத்துப் பயிர்களையும் தின்னும். அதனால் இங்கே மாற்றுப்பயிரை இன்னும் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 1: தோண்டிப் பாருங்கள்

செடியைப் பிடுங்கினால் நுனிவேர்கள் மண்ணுக்குள்ளேயே அறுந்துவிடும். மண்வெட்டியால் செடியைச் சுற்றிலும் ஒரு சாண் விட்டுத் தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். வேரே வீங்கி மணிமணியாக இருந்தால் அது நூற்புழு. பயறு, கடலை வேர்களில் இருக்கும், மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் தட்டினால் உதிரும், நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சைத் தனியாகப் பிரிக்க முடியாது.

ஒரு பெண்புழு சில நூறு முட்டைகள் இடும். நம் வெயிலுக்கு ஒரு தலைமுறை முடிய ஏறத்தாழ 25–30 நாள் போதும். ஐந்து மாதம் நிற்கும் ஒரே கத்திரிப் பயிரில் எத்தனை தலைமுறை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: தொட்டிச் சோதனை

பயிரை முடிவு செய்யும் முன் இதைச் செய்துவிடுங்கள். செலவு அதிகமில்லை. ஏக்கருக்கு 10–15 இடங்களில், மேல்மண்ணைத் தள்ளிவிட்டு 15–20 செ.மீ. ஆழத்தில் ஈரமண் எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். வெயிலில் காயவிட்டால் புழு செத்து, மண் சுத்தம் என்று தவறாகத் தெரியும்.

அந்த மண்ணை நான்கு தொட்டிகளில் நிரப்பி, இரண்டில் தக்காளி நாற்றும் இரண்டில் நிலக்கடலையும் வையுங்கள். 40–45 நாள் கழித்து வேரை அலசிப் பாருங்கள். தக்காளியில் முடிச்சு இருந்தால் நிலத்தில் புழு இருக்கிறது. கடலையில் நூற்புழு முடிச்சு இல்லாவிட்டால், கடலையை மாற்றுப்பயிராக வைக்கலாம். காய்கறியில் அதிகம் காணப்படும் ‘இன்காக்னிடா’ இனம் பொதுவாகக் கடலையில் பெருகாது. ‘அரினேரியா’ இனத்தில் ஒரு வகை கடலையையும் தாக்கும். இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது, கடலை வேர்தான் காட்டிக்கொடுக்கும். ஆய்வகத்தில் உறுதி செய்ய விரும்பினால், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்கென்றே தனித் துறை உள்ளது.

படி 3: எது மாற்றுப்பயிர், எது இல்லை

கத்திரிக்குப் பின் தக்காளி, அதற்குப் பின் வெண்டை, பிறகு பாகல் என்று போவது பயிர் மாற்றம் ஆகாது. பெயர்தான் மாறுகிறது, புழுவின் சாப்பாடு மாறவில்லை. மிளகாயையும் நம்ப வேண்டாம். நெல் அறுத்த ஈரத்தில் உளுந்து, பாசிப்பயறு தெளிக்கும் வழக்கம் மண்ணுக்கு நல்லதுதான். ஆனால் முடிச்சு கண்ட நிலத்தில் அதை நிறுத்தி வையுங்கள், பயறு வேரிலும் இந்தப் புழு பெருகும்.

புழுவைக் குறைப்பவை: தண்ணீர் கட்டிய நெல், எள், சணப்பு, செண்டுப்பூ.

படி 4: வரிசை

கண்மாய்ப் பாசனம் உள்ள நிலமா? கொடுத்துவைத்தவர் நீங்கள். நெல் நட்டு வாரக்கணக்கில் தண்ணீர் நின்றால் இந்தப் புழு மூச்சுத் திணறிக் குறைந்துவிடும். காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்பு நெல்லில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகி வயலில் தண்ணீர் நிற்கும்வரை இந்தப் பலன் கிடைக்காது. மழை பொய்த்து வயல் காய்ந்தே கிடந்த வருடத்தை மாற்றுப்பயிர்க் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தை அறுவடைக்குப் பின் மாசியில் எள், ஏக்கருக்கு 2 கிலோ விதை. அறுத்ததும் 10–15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று உழவு ஓட்டி மண்ணைப் புரட்டிக் காயவிடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரை நம்பிய மேட்டு நிலத்தில் செண்டுப்பூவில் தொடங்குங்கள். அதன் வேரில் உள்ள பொருள் புழுவைக் கொல்லும். ஆனால் வேர் எட்டும் இடத்தில்தான் பலன். வரப்போரம் நாலு செடி வைத்தால் போதாது. நிலம் முழுக்க, பூ வியாபாரத்துக்கு நடுவதைவிட நெருக்கமாக நட்டு, குறைந்தது இரண்டரை மூன்று மாதம் நிற்க விடுங்கள். அடுத்தது கடலை (சோதனையில் தேறியிருந்தால்) அல்லது எள். இடையில் இரண்டு மாதம் கிடைத்தால் சணப்பு, ஏக்கருக்கு 10–15 கிலோ விதைத்து, 45-ஆம் நாள் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள்.

ஒரு பருவத்தோடு நிறுத்திவிட்டுக் கத்திரிக்குத் திரும்புவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. முட்டைகள் மண்ணில் காத்திருக்கும். குறைந்தது இரண்டு பருவம் தொடர வேண்டும், கடுமையாகப் பாதித்த நிலத்துக்கு இரண்டு வருடம்.

படி 5: பட்டினியைக் கெடுப்பவை

களைதான் முதல் எதிரி. மணத்தக்காளி, குப்பைக்கீரை, பருப்புக்கீரை மூன்றிலும் இந்தப் புழு வாழும். எள்ளுக்குள் இவை முளைத்து நின்றால் எள் போட்டதே வீண். பழைய கத்திரி வேர்களையும் அப்படியே உழுது விடாமல் பொறுக்கி எரியுங்கள்.

அடுத்தது நாற்று. பழைய இடத்திலேயே நாற்றங்கால் போட்டால் புழுவையும் சேர்த்தே நடுகிறீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நாற்றங்காலை நனைத்து, கண்ணாடி போன்ற மெல்லிய பாலிதீன் விரிப்பால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து 4–6 வாரம் விடுங்கள். கறுப்பு விரிப்பில் மண் அவ்வளவு சூடேறாது. வாடகை டிராக்டர் வந்தால் கொழுவில் ஒட்டிய மண்ணை வரப்புக்கு வெளியிலேயே கழுவச் சொல்லுங்கள்.

படி 6: திரும்புவதற்கு முன்

இரண்டாம் படியின் தக்காளிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். வேர் சுத்தமாக இருந்தால், நடவுக்கு 15 நாள் முன் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கை மண்ணில் கலந்து கத்திரி நடலாம். ஒன்றிரண்டு முடிச்சே தெரிந்தாலும் இன்னொரு பருவம் எள்ளோ செண்டுப்பூவோ போடுங்கள்.