ஓலையும் வெங்காயச் சருகும்: பிளாஸ்டிக் இல்லாத ஈஸ்டர்

தவக்காலம் முடியப் போகிற நேரத்தில் காரைக்குடி ஃபேன்ஸி கடைகளில் பிளாஸ்டிக் முட்டை, பச்சைப் பிளாஸ்டிக் புல், ஜிகினாத் தூள், தெர்மாக்கோல் சிலுவை எல்லாம் வரிசை கட்டிவிடும். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண் அங்கேதான். "டீச்சர், அந்தப் புல்லு பத்தே ரூபாதான்" என்பார்கள். அலங்காரத்துக்கான தெர்மாக்கோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை என்று நான் சொன்னால், "அப்ப எப்படி விக்கிறாங்க?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். சரி, சட்டம் பேசி ஆகப்போவதில்லை என்று இப்போதெல்லாம் கையில் ஓலையைக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் முட்டை. நாமக்கல்லிலிருந்து வரும் வெள்ளை முட்டை சாயத்துக்கு ரொம்ப வசதி. நாட்டுக்கோழி முட்டையில் வெங்காயச் சாயம் மட்டும் நன்றாக ஏறும், மற்ற நிறங்கள் மங்கலாகவே நிற்கும். சந்தையில் சின்ன வெங்காயம் விற்பவரிடம் கேட்டால் சாக்கின் அடியில் கிடக்கும் சருகைச் சும்மாவே அள்ளித் தருவார். இரண்டு கை நிறையச் சருகு, ஒரு லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாத்திரம். அலுமினியம் வேண்டாம், வினிகர் அதை அரிக்கும். அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஆறவைத்து, இரண்டு ஸ்பூன் வினிகர் ஊற்றுங்கள்.

இனிமேல்தான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கொத்தமல்லி இலை ஒன்றைத் தண்ணீரில் நனைத்து முட்டைமேல் விரித்து ஒட்டுங்கள். காம்பு துருத்திக்கொண்டிருந்தால் கிள்ளிவிட வேண்டும். பழைய பருத்தி வேட்டியில் ஒரு சாண் துண்டு கிழித்து, முட்டையை உள்ளே வைத்து, இலை நகராதபடி இறுக்கி, துணியின் நுனிகளை ஒன்றாகச் சேர்த்து நூலால் கட்டுங்கள். துணி தளர்ந்தால் சாயம் இலைக்கு அடியில் புகுந்துவிடும், உருவம் தெரியாது. கட்டிய முட்டைகளைச் சாயத்தில் போட்டு மெதுவான தீயில் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, அதிலேயே ஆறவிடுங்கள். நூலை அறுத்து இலையை உரித்தால் செம்பழுப்பு ஓட்டில் கொத்தமல்லி வெள்ளையாக நிற்கும். நல்ல இலையாக வாய்த்தால் நரம்புகூடத் தெரியும். காய்ந்தபின் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளப்பு வரும்.

மற்ற நிறங்கள் சுருக்கமாக: மஞ்சள் தூள் நல்ல மஞ்சள் தரும், ஆனால் வெயிலில் வெளுத்துவிடும். சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலம், அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதா. பீட்ரூட்டை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. முதலில் இளஞ்சிவப்பாக இருந்துவிட்டுக் காயக் காய அழுக்குப் பழுப்பாகிவிடும்.

வீட்டில் ஆத்தங்குடிக் கல் பாவியிருந்தால் இந்த வேலையைக் கொல்லைப்புறம் கொண்டு போய்விடுங்கள், இல்லையென்றால் கோணிச் சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். அது சிமெண்டில் செய்த கல். வினிகரும் எலுமிச்சையும் பட்டால் அரித்துவிடும், மஞ்சள் பட்டால் கறை போகாது.

அவித்த முட்டையை ஏப்ரல் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, சாப்பிட்டுவிட வேண்டும். நாள்கணக்கில் தொங்கவிட வேண்டுமானால் ஓடு மட்டும்தான் சரி. பச்சை முட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஊக்கின் முனையால் இரண்டு பக்கமும் துளையிடுங்கள், ஒன்று சற்றுப் பெரிதாக. துடைப்பத்து ஈர்க்கு ஒன்றைக் கழுவி உள்ளே விட்டு மஞ்சள் கருவைக் கலக்கிவிட்டுச் சின்னத் துளை வழியாக ஊதினால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஊதி எடுத்தது ஆம்லெட்டுக்கு. ஒரு முட்டையின் கருவைக் கலக்காமல் தனியே உடைத்து வெள்ளைக்கருவை எடுத்து வையுங்கள். காகிதம் ஒட்ட அது போதும், பசை டப்பா வாங்க வேண்டாம். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளின் சுவரில் சுண்ணாம்போடு அந்த வெள்ளைக்கருவைத்தானே சேர்த்துப் பூசினார்கள்!

வெறும் ஓடு சாயத்தில் மிதக்கும். துளை வழியாகச் சாயம் உள்ளே போகும்வரை அமுக்கிப் பிடித்தால் குமிழி விட்டுக்கொண்டே தாழ்ந்துவிடும். ஊறியபின் வடித்து, ஓட்டைக் கவிழ்த்துக் காயவையுங்கள். தொங்கவிட, சின்ன ஈர்க்குத் துண்டின் நடுவில் நூலைக் கட்டிப் பெரிய துளை வழியாக நுழைத்தால், உள்ளே குறுக்கே திரும்பி மாட்டிக்கொள்ளும்.

எதில் மாட்டுவது? நம் சீமைக்கு வேறென்ன, சீமைக்கருவேலம்தான். காய்ந்த கிளை ஒன்றை வெட்டி, மணல் நிரப்பிய குடத்தில் நட்டு, முள்ளிலேயே நூலை மாட்டலாம். முள்கிரீடம் போட்ட வாரம் முடிந்து அதே முள்ளில் முட்டை தொங்குவது எனக்குப் பொருத்தமாகத்தான் படுகிறது. கைக்குழந்தை உள்ள வீட்டில் கொய்யாக் கிளை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கொட்டான், நம் பக்கத்துப் பனையோலைக் கூடை. கடையில் கேட்டால் சாயம் போட்டதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். சாயம் போடாத ஓலை நிறத்தில் கேளுங்கள். நீங்களே முடைவதானால், காய்ந்த பனங்குருத்து ஓலையை அரை மணி நேரம் ஊறவைத்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் அகலத்தில், 30 சென்டிமீட்டர் நீளத்தில் பதினாறு இழை கிழியுங்கள். எட்டை நெடுக்காகவும் எட்டைக் குறுக்காகவும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று கோத்து நடுவுக்குக் கொண்டுவந்தால் சதுர அடி கிடைக்கும். நான்கு பக்கமும் இழைகளை மேலே மடக்குங்கள். 40 சென்டிமீட்டர் இழை ஒன்றைச் சுற்றிலும் கோத்து, நுனிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிச் செருகுங்கள். அடுத்த சுற்றுக்குப் புது இழை. முந்திய சுற்றில் மேலே போன இடத்தில் இதில் கீழே போக வேண்டும், தொடங்கும் இடமும் வேறு பக்கமாக இருக்கட்டும். நான்கு சுற்று போதும். மிஞ்சிய நுனிகளை உட்பக்கம் மடக்கிச் செருகினால் கொட்டான். எனக்குக் கற்றுக் கொடுத்த அடுத்த வீட்டு ஆச்சி, "இழுத்துப் பிடி ஆத்தா, மூலை பல்லிளிக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். விஷயமே அந்த மூலைதான். ஒவ்வொரு சுற்றிலும் மூலையில் விரலால் அழுத்தி இறுக்க வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் புல்லுக்குப் பதில் வைக்கோல் போடுங்கள்.

ஈஸ்டருக்கு முந்திய குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலையை மட்டும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அது வீட்டுச் சிலுவையில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு சாம்பல் புதனுக்கு எரித்துச் சாம்பலாக்கக் கோவிலில் கேட்பார்கள்.

பச்சைக்கு முளைப்பாரி இருக்கிறது, சிவகங்கைச் சீமையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாதி உடைந்த முட்டை ஓட்டில் மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி, இரவு ஊறவைத்த பாசிப்பயறும் வெந்தயமும் குருத்தோலை ஞாயிறு மாலையில் தூவுங்கள். நிழலில் வைத்துக் காலை மாலை தண்ணீர் தெளியுங்கள், ஊற்ற வேண்டாம், ஓட்டுக்கு வடிகால் கிடையாது. இருட்டில் வளர்ந்தால் வெளிறி உயரும். அதனால் வியாழக்கிழமை வெளிச்சத்துக்கு எடுத்து வந்தால் ஞாயிறுக்குள் பச்சை ஏறிவிடும்.

தோரணத்துக்குக் கிழிந்த கண்டாங்கிச் சேலை போதும். கட்டம் போட்ட துணியை முக்கோணமாக வெட்டிச் சணல் கயிற்றில் தைத்துவிடலாம். நல்ல சேலையில் கத்தரி வைத்தால் உங்கள் அம்மா என்னைத் தேடி வருவார். வாசலுக்குப் பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் இழைக்கோலம், நடுவில் சிலுவை. கலர்ப்பொடி தேவையே இல்லை.

சனிக்கிழமை இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்புக்கு மெழுகுதிரியைப் பிளாஸ்டிக் கப்பில் செருகிக்கொண்டு வருகிறார்கள். பழைய கல்யாணப் பத்திரிகையில், வழவழப்பு பூசாத கெட்டி அட்டையாகப் பார்த்து, உள்ளங்கை அளவு வட்டம் வெட்டி நடுவில் சிலுவைக் கீறல் போட்டால் திரி சிக்கென்று நிற்கும், மெழுகு கையில் சொட்டாது. திரி குட்டையாகி நெருப்பு அட்டையை நெருங்கும்முன் அணைத்துவிட வேண்டும், பிள்ளைகளிடம் இதைச் சொல்லியே கொடுங்கள்.

ஞாயிறு காலை அக்கம்பக்கத்துக்குக் கொட்டானில் வைத்துக் கொடுக்கும்போது முட்டை சாப்பிடாத வீடா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே தேன்குழலோ மாவுருண்டையோ வைக்கலாம். அடியில் ஒரு வாழையிலைத் துண்டு போட்டால் நெய் ஓலையில் இறங்காது, அவர்கள் அந்தக் கொட்டானைப் பிறகு பூண்டு போட்டு வைத்துக்கொள்வார்கள்.