தமிழ்ப் பிடிஎஃப்பை டாக்பேக் உளறியது, சரி செய்த விதம்

எனக்குப் பார்வை குறைவு, அதனால் பாடக்குறிப்புகளை ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான்) வைத்துக் கேட்டுத்தான் படிக்கிறேன். ஒரு தமிழ்ப் பிடிஎஃப் மட்டும் படுத்தி எடுத்தது. தமிழ்க் குரல் இறக்கி வைத்திருக்கிறேன், செய்திகளை எல்லாம் ஒழுங்காகப் படிக்கிறது, இந்தக் கோப்பில் மட்டும் 'அம்மா' என்று இருக்கும் இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்கிறது! காரணம் பாமினி எழுத்துரு. கண்ணுக்குத்தான் அது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் என்ன செய்யும், பாவம்.

உரையை நகலெடுத்து, இப்படிப்பட்ட பழைய எழுத்துருவை எல்லாக் கருவிகளும் தமிழாகவே அறியும் யூனிகோடுக்கு மாற்றித் தரும் யூனிகோடு மாற்றியில் 'பாமினி' என்று தேர்ந்தெடுத்துப் போட்டேன், பெரும்பகுதி சரியாகிவிட்டது. வேறு எழுத்துரு கலந்திருந்த பக்கங்கள்தான் குழம்பின. அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படமாகவே கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் கூகுள் டாக்ஸ் மூலம் திறந்தால் படத்தில் உள்ளதைத் தமிழ் உரையாகத் தந்துவிடுகிறது. பிடிஎஃப்பாகவே ஏற்றினால் அந்தப் பழைய குளறுபடியே திரும்ப வரலாம். அட்டவணைகள் உடைந்துதான் போகும், அதற்கு யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம், ப்ளூடூத் இயர்போனில் வரியின் முதல் சொல் விழுங்கப்பட்டால் ஒயர் இயர்போனுக்கு மாறிப் பாருங்கள், எனக்கு அந்தத் தொல்லை அதோடு போனது.