ஹவாயின் எரிமலைக் கரையில் ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹவாயின் பிக் ஐலண்டுக்குப் போகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்தே ஏமாந்துவிடுகிறார்கள். தீவுதானே, ஒரு நாளில் சுற்றிவிடலாம் என்று தோன்றும். மற்ற ஹவாய்த் தீவுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் பரப்பளவில் இதற்கு ஈடாகாது. மேற்கே கோனா பக்கம் தங்கினால், தெற்கே இருக்கும் புனாலுவு கருமணல் கடற்கரைக்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். அங்கிருந்து எரிமலைப் பூங்கா, அப்புறம் கிழக்கே போஹோயிகி கடற்கரை, திரும்பும் வழியில் பாபகோலேயா பச்சை மணல் கடற்கரை என்று பட்டியல் போட்டால் பாதி நாள் சாலையிலேயே போய்விடும். என்னைக் கேட்டால் புனாலுவும் பூங்காவும் ஒரு நாளுக்குத் தாராளம்.

இரண்டாவது தவறு பழைய வீடியோக்களை நம்பிக் கிளம்புவது. செக்கச்செவேலென்று லாவா, அதாவது எரிமலைக் குழம்பு, கடலில் கொட்டும் காட்சி 2018 வெடிப்போடு நின்றுபோனது. அங்குள்ள கிலாவேயா எரிமலை அதற்குப் பிறகும் பலமுறை வெடித்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் உச்சிப் பகுதியில். கிளம்பும் நாளன்று காலையில் தேசியப் பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். எங்காவது மறுபடி லாவா கடலைத் தொட்டால், கிட்டே போய்ப் பார்க்கும் ஆசையை அடக்குவது நல்லது. அங்கே எழும் வெள்ளைப் புகை வெறும் நீராவி இல்லை. அதில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்திருக்கும். 2018 ஜூலையில் கடலுக்குள் நடந்த வெடிப்பில் பறந்த லாவாத் துண்டு ஒரு சுற்றுலாப் படகின் கூரையைப் பொத்துக்கொண்டு விழுந்தது. 23 பேர் காயமடைந்தார்கள்.

பெரிய ஆபத்து என்னவோ நெருப்பில் இல்லை, அலையில்தான். இந்தக் கரையில் பல இடங்களில் சரிந்து இறங்கும் மணல்வெளி கிடையாது. கரும்பாறை நேராகக் கடலில் முடிகிறது. ஆழ்கடலிலிருந்து வரும் அலையின் வேகத்தைக் குறைக்க வழியில் எதுவும் இல்லை. பத்து நிமிடம் சாதுவாக இருந்த கடல் திடீரென்று அடுத்தடுத்து மூன்று நான்கு பெரிய அலைகளை அனுப்பும். பாறை ஓரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுப்பவர் அதைப் பார்ப்பதே இல்லை. முதலில் தூரத்தில் நின்று கால் மணி நேரம் கடலைக் கவனியுங்கள். பாறையையும் பாருங்கள்: குழிகளில் தண்ணீர் தேங்கியிருந்தாலோ, மேற்பரப்பு ஈரத்தில் பளபளத்தாலோ, அலை அதுவரைக்கும் ஏறி வந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு வெகு பின்னால் நில்லுங்கள். பூங்காவிலிருந்து கடலுக்கு இறங்கும் செயின் ஆஃப் கிரேட்டர்ஸ் சாலையின் முடிவில், ஹோலேய் என்கிற பாறை வளைவுப் பக்கம் வைத்திருக்கும் தடுப்பைத் தாண்டுவதும் இதே வகைத் தவறு. அந்த வளைவையே அலைதான் குடைந்தது. நீங்கள் நிற்கும் விளிம்பின் அடியையும் அது அரித்துக்கொண்டுதான் இருக்கும்.

செருப்பு விஷயம். ரப்பர் செருப்போடு லாவாப் பாறையில் ஏறாதீர்கள். வழவழப்பாக, கயிறு திரித்தது போல உறைந்த பஹோயிஹோயி வகையில் ஓரளவு நடக்கலாம். ஆ-ஆ என்கிற கரடுமுரடான வகை அப்படியில்லை. தடுக்கி விழும்போது கையை ஊன்றினால் உள்ளங்கை கிழிந்துவிடும். விரல்களை மூடும் ஷூ கட்டாயம். கருமணலும் உச்சிவெயிலில் வெறுங்காலோடு நடக்க முடியாதபடி கொதிக்கும்.

புனாலுவில் கரையேறிப் படுத்திருக்கும் பச்சைக் கடலாமைகளைப் பார்த்ததும் பிள்ளைகள் ஓடுவார்கள். குறைந்தது 3 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். அசையாமல் கிடப்பதால் அடிபட்டிருக்கிறது என்று நினைத்துக் கடலுக்குள் தள்ளப் பார்ப்பவர்களும் உண்டு. அது உடம்பைச் சூடேற்றிக்கொள்ள வெயில் காய்கிறது, விட்டுவிடுங்கள். அங்கே நீந்த இறங்குவதற்கும் நான் அவசரப்பட மாட்டேன், நீரோட்டம் பலமானது. கடலடி ஊற்றுகளிலிருந்து நன்னீர் கிளம்புவதால் சில இடங்களில் தண்ணீர் சில்லென்று இருக்கும்.

மணலை ஒரு சின்ன பாட்டிலில் எடுத்துவர நினைக்கிறீர்களா? மாநிலச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்த மணல் எப்படி வந்தது என்று பாருங்கள். கொதிக்கும் லாவா கடல்நீரில் பட்டதும் சட்டென்று குளிர்ந்து நொறுங்குகிறது. அந்த நொறுங்கல்தான் கருமணல். லாவா வருவது நின்றால் வரத்தும் நின்றது. இருப்பதை அலை மெல்ல மெல்லக் கொண்டுபோகும். பாபகோலேயாவின் பச்சை மணலுக்கு வேறு கதை. அங்கே ஒரு பழைய சாம்பல் குன்றைக் கடல் அரிக்கிறது. லேசான துகள்கள் அடித்துப் போக, ஆலிவின் என்கிற பச்சைக் கனிமத்தின் கனமான படிகங்கள் தங்கிவிடுகின்றன. ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் பரப்பினால் கண்ணாடி மணி போன்ற பச்சைத் துகள்களும் நடுநடுவே கறுப்புத் துணுக்குகளும் தெரியும். பார்த்துவிட்டு அங்கேயே உதறிவிடுங்கள். அந்தக் கரைக்குப் போக, வர தலா 4 கிலோமீட்டர் நடை. நிழலே இல்லை, காற்று மணலை வாரி அடிக்கும். தண்ணீர் நிறைய வேண்டும்.

சன்ஸ்கிரீன் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்கிற ரசாயனங்கள் இல்லாததாக இருக்கட்டும். பவளப்பாறைகளைக் காக்க, 2021 ஜனவரி 1 முதல் இந்த இரண்டும் கலந்தவற்றின் விற்பனைக்கு ஹவாயில் தடை. துத்தநாக ஆக்ஸைடு சேர்ந்தது முகத்தில் வெள்ளையாகப் படியும், பரவாயில்லை.

போஹோயிகி கடற்கரை 2018 வெடிப்பில் புதிதாகச் சேர்ந்த கருமணல். அங்குள்ள வெதுவெதுப்பான குட்டைகள் ஆளை இழுக்கும். தேங்கிய தண்ணீர், கிருமி இருக்கலாம். உடம்பில் காயம் இருந்தால் இறங்க வேண்டாம், தலையை முக்கவும் வேண்டாம்.

கடைசியாக, உடையும் பெட்ரோலும். பூங்காவின் உச்சிப் பகுதி சுமார் 1,200 மீட்டர் உயரம். மேலே குளிரும் தூறலும், 30 கிலோமீட்டர் இறங்கிக் கடலோரம் வந்தால் சுடும் வெயில். பையில் ஒரு மழைச்சட்டை போதும். அந்த இறக்கத்தில் பெட்ரோல் பங்கும் இல்லை, சாப்பாட்டுக் கடையும் இல்லை, குடிநீரும் இல்லை. எல்லாவற்றையும் மேலேயே முடித்துக்கொண்டு இறங்குங்கள்.