சாலைக் கோட்டில் கண்ணாடி மணி தூவுவது எப்படி? புதிதாக மெஷின் பிடிப்பவர்களுக்கு

புதிதாகப் போட்ட வெள்ளைக் கோடு பகலில் பளிச்சென்று இருக்கிறது, இரவில் காணவே காணோம். இப்படிப் புகார் வந்தால் எல்லோரும் முதலில் பெயிண்டைத்தான் சந்தேகப்படுவார்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலும் குறை மணி தூவும் பெட்டியில்தான் இருக்கும். பாய்லர், மெஷின், பெயிண்ட் எல்லாவற்றையும் கவனிக்கிற ஆட்கள் இந்தச் சின்னப் பெட்டியைக் கடைசியில்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். அதனால் இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றியே. நம் ஊர் சைட்டுகளில் அதிகம் ஓடும் கையால் தள்ளும் தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் உருக்கிப் போடும் பெயிண்ட்) மெஷினை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், மணி என்ன செய்கிறது

ரவை போலக் கையில் ஓடும் பொடிதான் கண்ணாடி மணி. ஒவ்வொன்றும் ஒரு குட்டி உருண்டை. வண்டி விளக்கின் ஒளி உருண்டைக்குள் நுழைந்து வளைந்து, அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை நிறத்தில் பட்டு, வந்த வழியே ஓட்டுநர் பக்கம் திரும்புகிறது. இது நடக்க மணி பாதிக்குச் சற்று மேல், அதாவது 50 முதல் 60 சதவீதம் வரை, பெயிண்டுக்குள் அமர்ந்திருக்க வேண்டும். முழுக்க மூழ்கினால் ஒளி உள்ளேயே போகாது. மேலாக ஒட்டியிருந்தால் சில நாளில் டயர் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

தெர்மோபிளாஸ்டிக் மூட்டையிலேயே எடையில் சுமார் 30 சதவீதம் மணி கலந்திருக்குமே, மேலே ஏன் தூவ வேண்டும் என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். உள்ளே இருக்கும் மணி பெயிண்டால் மூடப்பட்டிருக்கும். வண்டிகள் ஓடி மேற்பரப்பு தேய்ந்த பிறகுதான் அது வெளியே வரும். அதுவரைக்கும் இரவில் கோட்டைக் காட்டுவது மேலே தூவிய மணி மட்டுமே. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு, 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள கோட்டின் மேல் சதுர மீட்டருக்கு 250 கிராம் மணி தூவச் சொல்கிறது. இந்த 250 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மெஷினில் எந்த வகைப் பெட்டி?

கைமெஷினில் பெரும்பாலும் இருப்பது சக்கரத்தோடு இணைந்த உருளை. மேலே மணித் தொட்டி, அங்கிருந்து ஒரு குழாய், பெயிண்ட் இறங்கும் ஷூவுக்குப் பின்னால் ஒரு பெட்டி, அதற்குள் பள்ளங்கள் வெட்டிய உருளை. சக்கரம் உருண்டால்தான் உருளை சுற்றும். ஆகவே நீங்கள் வேகமாகத் தள்ளினாலும் மெதுவாகத் தள்ளினாலும் ஒரு மீட்டருக்கு விழும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். புதியவர்களுக்கு இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

சில மெஷின்களில் உருளை கிடையாது, வெறும் கதவு மட்டும்தான். திறந்தால் மணி தன் எடையில் கொட்டும். இதில் நடை வேகம் மாறினால் அளவும் மாறிவிடும். பெரிய வண்டிகளில் காற்றழுத்தத் துப்பாக்கி வைத்துத் தூவுவார்கள். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

படி 1: மணியைப் பாருங்கள்

மூட்டையைப் பிரித்ததும் ஒரு கைப்பிடி எடுத்து விரல் இடுக்கில் விடுங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். கட்டி தட்டியிருந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதை உடைத்துப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், குழாயில் அடைத்துக்கொண்டு பாதிக் கோடு வெறுமையாகப் போய்விடும். நல்ல மணியையும் ஒரு சல்லடை வழியாகவே தொட்டியில் கொட்டுங்கள். சாக்கு நூல் ஒன்று போதும் வாயை அடைக்க. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குவது நல்லது.

படி 2: அளவு பிடிப்பது

இந்த இடத்தில் அவசரமே கூடாது. கால் மணி நேரம் செலவழித்தாலும் தப்பில்லை.

ஷூவில் பெயிண்ட் இல்லாமல், தொட்டியில் மணியை மட்டும் நிரப்புங்கள். பெட்டியின் வாய்க்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பையை இறுக்கமாகக் கட்டுங்கள். சாலையில் 10 மீட்டர் அளந்து சாக்பீஸால் குறியுங்கள். உருளையை இணைக்கும் லீவரைப் போட்டு, குறியிலிருந்து குறிவரை தள்ளுங்கள். பையில் விழுந்ததை மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

கணக்கு எளிது. 10 சென்டிமீட்டர் அகலக் கோடு என்றால் 10 மீட்டருக்கு ஒரு சதுர மீட்டர், ஆக 250 கிராம் வர வேண்டும். 15 சென்டிமீட்டர் என்றால் ஒன்றரை சதுர மீட்டர், 375 கிராம். குறைவாக வந்தால் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து மறுபடி தள்ளுங்கள். மூன்று தடவை தொடர்ந்து ஏறக்குறைய ஒரே எடை வந்தால்தான் அளவு பிடித்ததாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

மொத்த அளவு சரியாக இருந்தும் ஒரு பக்கம் குவிந்து விழலாம். கோட்டின் அகலத்துக்கு ஒட்டும் டேப்பைப் பசைப்பக்கம் மேலாக விரித்து, அதன் மேல் தூவிப் பாருங்கள். மணி பரவியிருப்பது அப்படியே தெரியும். சாலை ஓரச் சரிவில் மெஷின் சாய்ந்து நிற்கும்போது இது அதிகம் வரும். பெட்டியை மட்டம் பார்த்துத் திருகுங்கள்.

படி 3: சூடும் இடைவெளியும்

அளவு பிடித்தாயிற்று. இனி மணி எவ்வளவு ஆழத்தில் அமர்கிறது என்பதுதான் முக்கியம். அதைத் தீர்மானிப்பது, மணி விழும் அந்த நொடியில் பெயிண்ட் எவ்வளவு இளகலாக இருக்கிறது என்பது. ஷூவில் பெயிண்ட் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை இருக்கட்டும். தெர்மாமீட்டர் துப்பாக்கியால் மேல்பரப்பை மட்டும் பார்க்காதீர்கள், கிளறிவிட்டுப் பாருங்கள்.

பிறகு ஒரு தகரத் துண்டின் மேல் இரண்டு மீட்டர் சோதனைக் கோடு போடுங்கள். ஆறியதும் ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். மணிகள் மூழ்கிக் கிடந்தால் பெட்டி ஷூவுக்கு மிக அருகில் இருக்கிறது, அல்லது சூடு அதிகம். பெட்டியைப் பின்னால் தள்ளுங்கள். விரலால் தேய்த்ததும் மணி உதிர்ந்து குழி தெரிந்தால் அதற்கு நேர்மாறு, பெட்டி முன்னால் வர வேண்டும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தார் மேல் சரியாக இருந்த இடைவெளி மார்கழிக் காலையில் சரியாக இருக்காது. அதனால் தினமும் முதல் கோட்டுக்கு முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறேன்.

காற்று அடித்தால் பெட்டியைத் தரைக்கு எவ்வளவு அருகில் இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, இரு பக்கமும் ரப்பர் மறைப்பு கட்டுங்கள்.

படி 4: கோடு போடும்போது

பெட்டி ஷூவுக்குப் பின்னால் இருக்கிறது என்பதைக் கை மறக்கக்கூடாது. பெயிண்ட் கதவை மூடிய இடத்திலேயே மெஷினை நிறுத்தினால், கோட்டின் கடைசித் துண்டு மணியில்லாமல் போகும். விட்டுவிட்டுப் போடும் கோட்டில் ஒவ்வொரு துண்டிலும் இது நடந்தால் இழப்பு பெரிது. ஷூ கதவை மூடிய பிறகும் பெட்டி கோட்டின் முனையைத் தாண்டும்வரை உருட்டுங்கள், அப்புறம் மணி லீவரை எடுங்கள். தொடக்கத்திலும் அதே முறை, பெட்டி கோட்டின் முனைக்கு வரும்போது லீவர்.

விட்டுப்போன இடத்தில் கையால் அள்ளித் தூவுவதைப் பல சைட்டுகளில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அதற்குள் பெயிண்ட் இறுகியிருக்கும், பாதிக்கு மேல் ஒட்டாது.

தொட்டி காலியாகும்வரை காத்திருக்காமல் கால் பங்கு இருக்கும்போதே நிரப்புங்கள். ஒரு கிலோமீட்டர் தொடர் கோடு, 10 சென்டிமீட்டர் அகலம் என்றால் 25 கிலோ மணி ஆகும். 15 சென்டிமீட்டர் என்றால் 37.5 கிலோ. மாலையில் காலியான மூட்டைகளையும் போட்ட நீளத்தையும் ஒப்பிட்டால் நாள் முழுக்கப் பெட்டி எப்படி ஓடியது என்று தெரிந்துவிடும்.

பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் மணியைக் கையாள வேண்டாம், கண்ணில் விழுந்தால் மிகவும் உறுத்தும். கோட்டுக்கு வெளியே சிந்தியதை உடனே கூட்டி அள்ளுங்கள். தார் மேல் சிதறிய மணியில் பைக் சறுக்கும். யாரோ ஒருவர் விழுந்து அடிபட நம் வேலை காரணமாகிவிடக் கூடாது.

படி 5: இரவில் போய்ப் பாருங்கள்

கோடு திருப்பும் ஒளியை அளக்கும் கருவி இருந்தால் நல்லது. ஓட்டுநர் 30 மீட்டர் முன்னால் பார்ப்பதை அது அப்படியே அளந்து சொல்லும். இல்லையென்றால் ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். டார்ச்சைக் கண்ணருகே பிடித்தால் சுமாரான கோடுகூடப் பிரகாசமாகத் தெரிந்து ஏமாற்றும். கார் விளக்கு உயரத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே பிடித்து, குனிந்து தூரத்தில் பாருங்கள். போட்ட திசையிலும் எதிர்த் திசையிலும் பாருங்கள், இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. நடுநடுவே கறுப்புத் துண்டு தெரிந்தால் குழாயில் அடைப்பு. ஓர் ஓரம் மட்டும் மங்கினால் பெட்டி மட்டம் தவறியிருக்கிறது. கோடு முழுக்க மங்கலாக இருந்தால் மணி மூழ்கியிருக்கும், படி 3-க்குத் திரும்புங்கள்.

மழை பெய்யும்போது சோதித்து முடிவு சொல்ல வேண்டாம். சாதாரண மணியைத் தண்ணீர்ப் படலம் மூடிவிட்டால் நன்றாகப் போட்ட கோடும் மங்கும்.

வேலை முடிந்ததும் தொட்டியில் மிச்சமுள்ள மணியை மூட்டையில் திருப்பிக் கொட்டி வாயைக் கட்டுங்கள். உருளைப் பள்ளங்களைக் காற்று அடித்துச் சுத்தம் செய்து, பெட்டி வாயில் ஒட்டிய பெயிண்டைச் சூடு ஆறுமுன் சுரண்டி எடுங்கள். பனியில் நின்ற தொட்டியில் மணியை விட்டுவைத்தால் மறுநாள் காலை குழாயைக் கழற்றித்தான் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும்.