உப்புக்காற்றில் வீடு கட்டுகிறவர்கள் எந்தப் பொருளை, எப்படிப் பார்த்து வாங்குவது?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து புதுச்சேரி காலாப்பட்டு வரைக்கும் இந்தக் கடற்கரையோரம் சின்னச் சின்ன வீடுகள் கட்டித் தருவதுதான் என் தொழில். அப்பா மேஸ்திரி, நான் டிப்ளமோ சிவில். சைட்டில் என்னை இன்ஜினியரம்மா என்பார்கள். "சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருளா, உடம்புக்கும் கெடுதல் இல்லாததா, எது வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்விதான். மனை கடலிலிருந்து எவ்வளவு தூரம்? போர் தண்ணீர் எப்படி? இது தெரியாமல் பட்டியல் போட்டால் அது பேப்பரோடு சரி.

காரணம், இங்கே கட்டடத்தைத் தின்பது உப்பு. கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி துருப்பிடித்தால் பருத்துக்கொண்டே போய், சுற்றியிருக்கிற கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும். சன்ஷேடு பெயர்ந்து விழுவதும், சிலாப்பின் அடிப்பக்கம் கம்பி பல்லிளிப்பதும் இதனால்தான். உலகத்தில் வெளியேறும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. அப்படிப்பட்ட பொருளைப் போட்டுக் கட்டி, இருபது வருடத்தில் இடித்து மறுபடி கட்டினால் அதில் என்ன பசுமை? என் கணக்கில் முதல் தேர்வு உப்பைத் தாங்குமா என்பது. வீட்டுக்குள் இருப்பவர் மூச்சைக் கெடுக்குமா, எவ்வளவு தூரத்திலிருந்து லாரியில் வருகிறது, இதெல்லாம் அதற்கு அப்புறம்.

தண்ணீரையும் ஒரு பொருளாகவே நினையுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. நாக்கில் வைத்துப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை, உவர்ப்புக்குப் பழகிய நாக்கு நம்முடையது. லேபில் கொடுத்துப் பாருங்கள், செலவு கொஞ்சம்தான். இன்னொரு வழக்கத்தையும் நிறைய சைட்டில் பார்க்கிறேன். கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்குவார்கள், போட்ட கான்கிரீட்டை நனைத்து வைக்கும் க்யூரிங்குக்கு மட்டும் உப்பு போரைத் திறந்து விடுவார்கள். கலக்க ஆகாத தண்ணீர் ஊற்றவும் ஆகாது.

கான்கிரீட் என்றால் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம், சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று. அது எம் 20 என்கிற பலம். கடற்கரைச் சூழலுக்கு ஐ.எஸ். 456 கேட்பது எம் 30. கன மீட்டருக்குக் குறைந்தது 320 கிலோ சிமெண்ட், நீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்குள், கம்பியை மூடியிருக்கிற கான்கிரீட், அதாவது கவர், 45 மில்லிமீட்டர். 0.45 என்பதை சைட்டில் எப்படிப் புரிய வைப்பது? ஒரு மூட்டை 50 கிலோ, அதற்குத் தண்ணீர் இருபத்திரண்டரை லிட்டர். பெரிய பெயிண்ட் வாளி ஒன்று 20 லிட்டர் பிடிக்கும். ஆக ஒரு வாளியும் ஒரு சொம்பு இரண்டு சொம்பும்தான், அதிலும் மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். கலவை இறுகுகிறது, தள்ள முடியவில்லை என்று ஆட்கள் முணுமுணுப்பார்கள். அதற்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் ஊற்றுங்கள். விகிதத்தை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் மிக்ஸ் டிசைனாக எழுதி வாங்குங்கள்.

சிமெண்டில் பிபிசி (சாம்பல் கலந்தது) அல்லது ஸ்லாக் சிமெண்ட் (இரும்பாலைக் கசடு கலந்தது) கேளுங்கள். "53 கிரேடுதான் ஸ்ட்ராங்" என்று எதுவும் கலக்காத சாதாரண சிமெண்டைக் கடையில் தள்ளப் பார்ப்பார்கள். பிபிசியில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கிறது. கரியமில வாயுவுக்குக் காரணமான, சூளையில் சுட்ட கிளிங்கர் அந்த அளவுக்குக் குறைகிறது, கான்கிரீட்டும் நெருக்கமாகி உப்பை உள்ளே விடத் தயங்குகிறது. நம் பக்கத்துக்கு இரண்டு லாபமும் ஒரே மூட்டையில். ஆனால் இது மெதுவாக இறுகும் சரக்கு. பத்து நாளாவது க்யூரிங் வேண்டும், நான் பதினான்கு நாள் கேட்பேன். மூட்டையின் மேல் தயாரித்த வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும், மூன்று மாதம் தாண்டியிருந்தால் இறக்க விடாதீர்கள்.

கம்பியைத் தகட்டிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் விஷயத்தில் மட்டும் நான் சண்டைக்காரி. சென்ட்ரிங் தகட்டின் மேல் கம்பி கட்டி முடித்ததும் அடியில் ஒரு ஜல்லியை நுழைத்துவிட்டு "வெச்சாச்சும்மா" என்பார்கள். நாலு பேர் பாண்டுடன் அதன் மேல் நடப்பார்கள், ஜல்லி உருண்டு ஓடிவிடும், கம்பி தகட்டோடு தகடாக உட்கார்ந்துவிடும். சென்ட்ரிங்கைக் கழற்றிய பிறகு சிலாப்பின் அடியில் கம்பி ஓடும் தடம் கோடு கோடாகத் தெரிந்தால் அந்த வீட்டுக்குத் துரு வருகிற தேதியை எழுதி வைத்துக்கொள்ளலாம். கான்கிரீட் போடும் அன்று காலையில் செல்போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். அந்தக் கலவையிலேயே வார்த்த பிளாக், கம்பியோடு கட்டுக்கம்பியால் கட்டியிருக்க வேண்டும். வீட்டின் மொத்தச் செலவில் கவர் பிளாக் செலவு ஒரு பொருட்டே இல்லை.

கம்பியில் எஃப்.இ. 500டி என்கிற ரகம் போதும். ஐ.எஸ். 1786 முத்திரை இருக்கிறதா பாருங்கள், எடையும் போடுங்கள். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளம் சுமார் 10.66 கிலோ. பத்துக்குக் கீழே நிற்கிறதென்றால் திருப்பி அனுப்புங்கள். விலை குறைவாக வருகிறதே என்று ஆறு மாதத்துக்கான கம்பியை மொத்தமாக இறக்கி, கடற்காற்றில் போட்டு வைப்பது கூடாது. அந்தந்தக் கட்டத்துக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள், கட்டை மேல் தூக்கி வைத்துத் தார்ப்பாய் போடுங்கள்.

கான்கிரீட்டே கடலோரத்துக்கு ஆகாது என்று சொல்கிறவர்கள் புதுச்சேரியில் கோல்கொண்டே விடுதியை வெளியிலிருந்தாவது பார்க்கலாம். கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து 1930களில் கட்டத் தொடங்கியது, கடலிலிருந்து நடக்கிற தூரம், இன்றும் நிற்கிறது. ஏசி இல்லாமல் காற்றோட்டத்திலேயே குளுமையாக இருக்கும்படி யோசித்த கட்டடம் அது.

மணலில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. தென்பெண்ணையையும் கெடிலத்தையும் சுரண்டியது போதும், கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வாங்குங்கள். கிரஷர் தூளையே எம்-சாண்ட் என்று கொட்டுகிறவர்கள் உண்டு, அதனால் பொதுப்பணித்துறை சான்று இருக்கிற கிரஷரா என்று கேளுங்கள். கடற்கரை மணல், உப்பனாற்று ஓர மணல் இரண்டும் தரை நிரப்பக்கூட வேண்டாம், உப்பு சுவரேறிவிடும்.

செங்கலுக்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் நாட்டுச் செங்கல், இயந்திரத்தில் அறுத்த ஒயர்கட், சாம்பலில் செய்யும் ஃபிளை ஆஷ் கல், அழுத்திய மண் கல் நான்கும் கிடைக்கும். நாட்டுச் செங்கல் வயலின் மேல்மண்ணைத் தின்கிறது. நெய்வேலி பக்கத்திலேயே இருக்கிறது, அனல்மின் நிலையச் சாம்பலுக்குப் பஞ்சமில்லை, சூளையும் தேவையில்லை. அதனால் பெரும்பாலும் என் ஓட்டு ஃபிளை ஆஷ் கல்லுக்கு. ஆனால் பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது. கல்லைத்தான் பார்க்க வேண்டும்.

லோடு இறக்கும் முன்பே ஐந்தாறு கல்லைக் கேட்டு வாங்கி வாருங்கள். இரண்டை எடை போட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்க வையுங்கள். எடுத்துத் துடைத்து மறுபடி எடை போட்டால் 20 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. மூன்று கிலோ கல் என்றால் மூன்று கிலோ அறுநூறு கிராம்தான் எல்லை. அடுத்தது உப்பு. ஒரு தட்டையான பாத்திரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் கல்லைச் செங்குத்தாக நிறுத்துங்கள். பேட்டரிக் கடையில் கேன் கிடைக்கும், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அந்த உப்பே கல்லில் ஏறி ஏமாற்றிவிடும். காற்றோட்டமான இடத்தில் விட்டால் கல் தண்ணீரை உறிஞ்சி, பிறகு மெல்லக் காயும். பாத்திரம் வற்றியதும் இன்னொரு முறை ஊற்றிக் காய விடுங்கள். இப்போது கல்லைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். விபூதி பூசிய மாதிரி மெல்லிய வெள்ளை பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் கவலையில்லை. பாதி வரை போனால் உள்சுவருக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் பூத்து, விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தால், அது எவ்வளவு சிவப்பாக இருந்தாலும், தட்டினால் எவ்வளவு கணீரென்று ஒலித்தாலும், சூளைக்காரர் சித்தப்பாவாகவே இருந்தாலும் வேண்டாம்.

மண் கல்லைப் பற்றி நிறையப் பேர் ஆசையாகக் கேட்கிறார்கள். 1989-இலிருந்து இயங்கும் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்டில் பயிற்சியே தருகிறார்கள். ஆரோவில்லின் பார்வையாளர் மையம் அந்தக் கல்லில் கட்டியதுதான். சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, அழுத்தி, நாலு வாரம் ஈரத்தில் வைத்தால் கல் தயார். ஆனால் அது மணற்பாங்கான செம்மண்ணுக்கு. உங்கள் மனை நெல்வயலாக இருந்த களிமண் என்றால் அந்த மண்ணில் முயற்சி வேண்டாம். 2015 வெள்ளத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டில் கேட்டு, அதற்கு மேல் வரை கருங்கல் பேஸ்மென்ட் எழுப்புங்கள். மண் கல் அதற்கு மேல்தான். நீளமான தாழ்வாரமும் வேண்டும்.

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? புதுச்சேரியில் தமிழர் தெருக்களில் இருக்கிற பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவை. அதன் மேல் சிமெண்ட் பூச்சு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பு உள்ளேயே சேர்ந்து, செங்கல்லையே பொடியாக்கும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு பூசுவதே முறை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சாந்து குழைக்கத் தெரிந்த ஆட்கள் இப்போது குறைவு. கூலி கூடுதலாகக் கேட்பார்கள், கொடுங்கள்.

கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் வேண்டவே வேண்டாம். சந்தையில் இன்னும் விற்கிறார்கள், மலிவும் கூட. ஆனால் ஆஸ்பெஸ்டாஸில் எந்த வகையும் புற்றுநோய் தரக்கூடியது என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகமில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது நம் ஊரில் எத்தனை ஷீட் பறந்து உடைந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உடைந்த ஷீட்டில்தான் ஆபத்து அதிகம். பழையதைக் கழற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாக இறக்குங்கள். மெஷின் வைத்து அறுக்காதீர்கள், நொறுக்கித் தரையில் கொட்டாதீர்கள். தளம் போட்டவர்கள் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்தால் மே மாதத்தைத் தாங்கலாம். அந்தப் பழைய முறையை விடச் சிறந்த ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

தரைக்கு ரெட் ஆக்சைடு, கடப்பா, ஆத்தங்குடி எதுவானாலும் சரி. ஜன்னல் கிரில்லுக்கு எவர்சில்வர் போடுவதாக இருந்தால் 304 என்கிற ரகம் கடற்கரையில் பழுப்புக் கறை பிடிக்கும், 316 ரகம் கேளுங்கள்.

வீட்டுக்குள் மூச்சு சம்பந்தமானது பெயிண்ட்டும் பிளைவுட்டும். வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. டப்பாவில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று படியுங்கள். பழைய மரக்கடையில் தேக்குக் கதவு எடுப்பது நல்ல யோசனை, புது மரம் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் அதன் மேல் இருக்கிற பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் பறக்கும், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அது கூடாது. நனைத்துத் தேய்த்து, துணியால் துடைத்து எடுங்கள். பிளைவுட்டில் சாதாரண எம்.ஆர். ரகத்துக்கு யூரியா பசை, மூச்சுக்கு ஆகாத ஃபார்மால்டிஹைடு வாயுவை அதிகம் விடும். ஐ.எஸ். 710 மெரைன் பிளையில் ஃபீனால் பசை, அது குறைவாக விடும், தண்ணீரையும் தாங்கும். கப்போர்டின் உள்விளிம்பு வரை விளிம்பை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டை ஒட்டச் சொல்லுங்கள். வெளியே தெரியாத இடத்தை ஆசாரி விட்டுவிடுவார்.

பால் காய்ச்சுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பெயிண்ட், மர வேலை இரண்டும் முடிந்து, ஜன்னல்கள் திறந்தே கிடக்க வேண்டும். பெயிண்டரிடம் முகூர்த்தம் உண்மையான தேதிக்கு முன்னாலேயே வருகிறது என்று சொல்லுங்கள். உண்மையான தேதியைச் சொன்னீர்களானால் ஐயர் வந்து உட்காரும்போதுதான் கேட்டுக்கு இரண்டாவது கோட் ஓடிக்கொண்டிருக்கும்.