சளி பிடிக்கத் தொடங்கும் முதல் நாளுக்கு: சீன முறை இஞ்சி-வெங்காயத்தண்டுக் கஷாயம்

உடம்பு சில்லிட்டு, பிடரி இறுகி, மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகும் நிலையைச் சீன மருத்துவம் ‘குளிர்காற்று’ என்கிறது. இந்தக் கஷாயம் அந்தத் தொடக்கத்துக்கு மட்டும்தான். தொண்டை சிவந்து வலித்தால், சளி மஞ்சளாக வந்தால், தாகம் எடுத்தால் அது ‘வெப்பக்காற்று’. அப்போது இஞ்சி எரிச்சலைக் கூட்டும்; தொடாதீர்கள்.

ஒருவருக்கு: பச்சை இஞ்சி 10 கிராம், வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டு 3 (வேரோடு, மண் போகக் கழுவியது), நாட்டுச் சர்க்கரை 2 தேக்கரண்டி, தண்ணீர் 400 மில்லி. சுக்கு சரிப்படாது, அது வயிற்றைச் சூடாக்கும், வியர்வையை வெளியே தள்ளாது என்பது சீன மருத்துவர்களின் கணக்கு.

இஞ்சியைத் தோலோடு மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மூடிபோட்டு 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். தண்டைக் கத்தியின் பக்கவாட்டால் நசுக்கி, கடைசி 3 நிமிடம் மட்டும் போடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: முதலிலேயே போட்டால் மணம் ஆவியோடு போய்விடும், மிஞ்சுவது வெறும் காய்கறிச் சாறு. வடிகட்டிச் சர்க்கரை சேர்த்து, சூடாகக் குடித்துப் போர்த்திப் படுங்கள்.

நெற்றியில் ஈரம் அரும்பினால் போதும். சட்டை நனைய வியர்த்தால் உடம்பு தளர்ந்துவிடும். உடனே துடைத்து உடை மாற்றுங்கள். வியர்த்தபின் மறுபடி குடிக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. கடும் காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இருந்தால் அடுப்படியில் நிற்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.